கவிழ்த்து வைத்த சைக்கிள்

மார்ச் 4, செவ்வாய்
பிரஷர் 152/94

இந்தக் கொப்பி டொக்டர் தந்தது. தினமும் கடை பூட்டியதும் பிரஷர் அளந்து மேலே எழுத வேண்டும். கீழே ‘இன்று எப்படி உணர்ந்தீர்கள்’ என்று பிரெஞ்சில் அச்சடித்துவிட்டு முக்கால் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். இருபத்தேழு வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன். இந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டுவிட்டார்கள், இனி அனுபவிக்கட்டும்.

என் பெயர் இராசமலர். பாரிஸ் லாச்சப்பலில் கல்யாணத்துக்கும் சாமத்திய வீட்டுக்கும் கவரிங் நகை வாடகைக்குக் கொடுக்கிறேன். மேக்கப்பும் போடுவேன். பெட்டை பெரியபிள்ளையானதற்கு மண்டபம் எடுத்துச் செய்யும் கொண்டாட்டம்தான் சாமத்திய வீடு. அதில்தான் என் அடுப்பு எரிகிறது.

இன்று மத்தியானம் மூன்று பெடியள் வந்தார்கள், வெள்ளைக்காரர். உயரமானவன் கண்ணாடிப் பெட்டியை உற்றுப் பார்த்துவிட்டு, “மதாம், தங்கம் வேணும். பெரிசா. தூரத்தில நிண்டு பாத்தாலும் கண் கூசோணும்” என்றான். (அவர்கள் பேசியது பிரெஞ்சு. என் பேனைக்கு யாழ்ப்பாணம்தான் வரும். ஆகவே இந்தக் கொப்பியில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள்.)

“பொம்பிளைக்கு எத்தினை வயசு?” என்று கேட்டேன்.

“எனக்குத்தான், மதாம்.”

அவன் பெரிய ராப் பாடகனாம். பெயர் டொன் பெத்தோன். பெத்தோன் என்றால் கொங்கிறீட். புதுப் பாட்டுக்குக் கிளிப் எடுக்கிறார்களாம், அதற்கு நகை வேண்டுமாம். அட்டியல் இரண்டு, பதக்கச் சங்கிலி மூன்று, பத்து விரலுக்கும் மோதிரம் என்று எடுத்தான். பிறகு, “ஒட்டியாணம் இருக்கோ?” என்று கேட்டான். சுத்தமாகக் கேட்டான். அந்தச் சொல்லை ஒரு வெள்ளைக்காரன் அப்படிச் சொல்வதென்றால் யாரோ மெனக்கெட்டுப் பழக்கியிருக்க வேண்டும். யார் என்று நான் யோசிக்கவில்லை.

மணப்பெண்ணின் இடுப்புக்குச் செய்ததை அவன் இடுப்பில் மாட்ட மூன்று சேப்டிப் பின் தேவைப்பட்டது. கண்ணாடியைப் பார்த்து, குத்துச்சண்டைச் சாம்பியன் பெல்ட் மாதிரி இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

நகை வெளியே போனால் அடையாள அட்டை என் மேசை லாச்சியில் இருக்கும். யார் வந்தாலும் அதுதான் சட்டம். அவன் அட்டையைத் தரும்போது பெயரை விரலால் மறைத்துத் தந்தான். பெயர் ஒகுஸ்தான், ஊர் லு வெசினே. லு வெசினே எனக்குத் தெரியும். வந்த புதிதில் மூன்று வருஷம் அங்கே வீடு துப்புரவாக்கப் போனேன். ஏரியும் அன்னமும் இருக்கிற ஊர். அங்கே கொங்கிறீட்டைக் காண்பதே கஷ்டம், எல்லாவற்றையும் ரோசாக்கொடி மூடியிருக்கும்.

“நான் லா கூர்நெவ்வின்ர பிள்ளை, மதாம்” என்று நெஞ்சில் குத்திக்கொண்டான். லா கூர்நெவ்வில் பன்னிரண்டாம் மாடியில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறவள் நான். அவனை லிப்டில் ஒரு நாளும் கண்டதில்லை. லிப்ட் வேலை செய்வதும் குறைவுதான், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கடையைப் பற்றி யார் சொன்னது என்று கேட்டேன். “எங்கட ஆக்களுக்க ஒராள்” என்றான் ஒருவன். மற்றவன் அவன் காலை மிதித்தான்.

என் மகள் ஆரபி ராப் பாட்டு எழுதப் போகிறேன் என்று சட்டப்படிப்பை இரண்டாம் வருஷத்தில் விட்டவள். வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷமும் மூன்று மாதமும் ஆகிறது. போகிற அன்று, “உன்ர குப்பையை ஒருத்தரும் காது குடுத்துக் கேக்க மாட்டினம்” என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வந்தால் கதவைத் திறப்பேன். ஆனால் முதல் வார்த்தை அவள்தான் பேச வேண்டும். டொக்டர் இதைக் கேட்கவில்லை. இடம் இருந்தது, எழுதினேன்.

மார்ச் 8, சனி
பிரஷர் 141/88

பொபினியில் ஒரு சாமத்திய வீடு. பதினொரு வயதுப் பிள்ளை வெள்ளை லிமூசினில் வந்து இறங்கி, புகைக்குள்ளால் நடந்து, பல்லக்கில் ஏறினாள். மேலே ட்ரோன் பறந்தது. தகப்பன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காசுத்தாளை விசிறினார். பிள்ளைக்கு நித்திரை தூங்கியது.

லிமூசின் ஓட்டும் சிவபாதம் என்னிடம் வந்து, “அக்கா, வியாழக்கிழமை ராப் பெடியளுக்கும் உதே கார்தான். உதே புகை மெசின்தான். அவங்களும் காசு விசுக்கினவங்கள்” என்றான்.

பல்லக்கு ஒன்றுதான் வித்தியாசம். அதையும் கேட்டார்களாம், வேறு இடத்தில் புக்கிங் இருந்ததாம்.

மார்ச் 13, வியாழன்
பிரஷர் 149/93

அன்று மற்றவனின் காலை மிதித்த பெடியன் நகைகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓடிவிட்டான். ஒட்டியாணம் நெளிந்து, ஏழு கல் விழுந்திருந்தது. ஒரு காரின் கூரையில் ஏறிப் படுத்திருக்கிறான் கொங்கிறீட். பசை வைத்து ஒட்டவே பின்னேரம் முழுதும் போய்விட்டது. அடையாள அட்டையைக் கேட்காமலே போய்விட்டார்கள், லாச்சியிலேயே கிடக்கிறது.

இரவுச் சாப்பாட்டுக்கு மரவள்ளிக்கிழங்கு. இவரிடம் சிரிப்பாகச் சொன்னேன், இப்படி ஒருவன் வந்து பொம்பிளை நகை போட்டுக்கொண்டு போனான் என்று. இவர் என்றால் என் மனுசன் தர்மகுலம். ஊரில் ரேடியோ திருத்தியவர், இங்கே உணவகத்தில் கோப்பை கழுவுகிறார்.

“டொன் பெத்தோனோ?” என்றார் இவர், கிழங்கைப் பிசைந்துகொண்டு.

நான் பெயரைச் சொல்லவேயில்லை. வேலையிடத்துப் பெடியள் கேட்கிற பாட்டாம். இருக்கலாம்.

மார்ச் 14, வெள்ளி
பிரஷர் 139/87

மிளகாய் வறுத்தேன். பன்னிரண்டாம் மாடி முழுதும் தும்மியது.

ஏப்ரல் 11, வெள்ளி
பிரஷர் 176/101

இங்கே ராப் பாட்டெல்லாம் வெள்ளிக்கிழமைதான் வெளியாகும். வெள்ளிக்கிழமை எங்களுக்கு மரக்கறி, இவர்களுக்கு ராப். காலையில் கடை திறக்கும்போதே மரக்கறிக்கடை யோகன் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினான்: “மலரக்கா! உங்கட ஒட்டியாணம் யூடியூப்பில! மாப்பிளைக்கு எப்ப கலியாணம்?” லாச்சப்பல் முழுக்கச் சிரிப்பு.

நானும் பார்த்தேன். எங்கள் கட்டிடத்துக்கு முன்னால்தான் எடுத்திருக்கிறார்கள். முகத்தை மூடிய முப்பது பெடியள், ஒற்றைச் சில்லில் ஓடும் மோட்டார் சைக்கிள்கள், விரலால் எங்கள் மாவட்ட இலக்கத்தைக் காட்டுகிறார்கள். நடுவில் கொங்கிறீட், ஒட்டியாணத்தைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு. அதன் நடுவில் இருக்கும் லட்சுமி பாவம், தலையால் நிற்கிறாள். அவன் இரண்டு தரம் சிறைக்குப் போனதாகவும் பாடுகிறான். லு வெசினேயில் எதற்குப் பிடிப்பார்கள், அன்னத்துக்குக் கல்லெறிந்ததற்கா?

பதினொரு தரம் பார்த்தேன். கல் எந்த இடத்தில் விழுந்தது என்று தெரிய வேண்டுமே. நாலாவது தரம்தான் சொற்களைக் கவனித்தேன். பிரெஞ்சு வேகமாக ஓடியது, நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். எங்கள் பாஷையில் இப்படி வரும்:

கரண்ட் இல்லாத காலம், அம்மா சைக்கிளைக் கவிழ்த்து வைத்தாள்.
கையால் பெடலைச் சுற்றினாள், வீடு முழுக்கப் பாட்டுக் கேட்டது.
பெடல் சுற்றுகிறவளுக்குப் பாட்டுக் கேட்காது.
அவளுக்குச் சங்கிலிச் சத்தம் மட்டும்தான்.

எனக்குப் பதினெட்டு வயது, தொண்ணூற்றொன்று. யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் இல்லை, பற்றரி வரத் தடை. அண்ணன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து கசெட் பிளேயருக்கு வயர் கொடுத்தான். பெடலைச் சுற்றும் வேலை எனக்கு. அயலட்டை எல்லாம் வந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்டது. எனக்குச் சங்கிலி கரகரவென்றது மட்டும்தான் கேட்டது. இதை நான் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அப்போது ஏழு வயது, சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தேன், அவள் தலையை ஆட்டாமல் இருப்பதற்காகச் சொன்னேன்.

மத்தியானம் ஊறுகாய் கொஞ்சம் கூடச் சாப்பிட்டுவிட்டேன். பிரஷர் அதனால்தான்.

ஏப்ரல் 12, சனி
பிரஷர் 171/99

உப்பே போடாமல் சமைத்தேன். ஊறுகாயில் பிழையில்லை.

ஏப்ரல் 23, புதன்
பிரஷர் 158/95

அந்தப் பாட்டு எங்கே போனாலும் துரத்துகிறது. மெட்ரோவில் ஒரு பெட்டை முணுமுணுக்கிறாள். இரத்தம் எடுக்கும் நேர்ஸ் ஊசியைக் குத்திக்கொண்டே பாடினாள். ரேடியோவில் ஒரு பேராசிரியர் இருபது நிமிஷம் விளங்கப்படுத்தினார். கவிழ்ந்த சைக்கிள் என்பது தலைகீழாகிப்போன தொழிலாளர் இயக்கமாம், சங்கிலி என்பது அடிமைத்தனமாம். எங்கள் அண்ணனின் சைக்கிள் ஒரு பழைய ரலி. அதற்கு இயக்கம் எதுவும் தெரியாது, பிரேக் பிடிப்பதே சந்தேகம்.

ஒரு பத்திரிகையில் கொங்கிறீட்டின் அம்மாவைப் புகழ்ந்து முழுப்பக்கம். ‘பிள்ளைக்காகத் தன் செவியைத் தியாகம் செய்த தாய்’ என்று தலைப்பு. படம் இல்லை. பல்வைத்தியராம் அந்த அம்மா, பக்கத்து வீட்டுக்காரி யாரோ இன்டர்நெட்டில் எழுதிப்போட்டிருக்கிறாள். அந்த அம்மாவும் பாவம், ஒரு நாளும் சைக்கிள் தொட்டிருக்க மாட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதத்தான் வேண்டும். யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மே 6, செவ்வாய்
பிரஷர் 183/104

இன்று பின்னேரம் ரேடியோவில் கொங்கிறீட்டுக்குப் பேட்டி. நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன், இவர் ரேடியோவைக் கூட்டி வைத்தார். பேட்டி எடுத்த பெண் நேராகவே கேட்டாள்: “எல்லாரும் கேக்கினம், அம்மா ஏன் சைக்கிளைக் கவிழ்த்து வச்சவ?”

கொங்கிறீட் சொன்னான்: “எங்கட கட்டிடத்தில களவு கூட. கவிழ்த்து வச்சா ஒருத்தரும் ஓடிக்கொண்டு போகேலாதுதானே.”

தோசைக்கரண்டியால் ரேடியோவுக்கு அடித்தேன்.

“களவெடுக்க வாறவனுக்குச் சைக்கிளைத் திருப்பி நிமித்தத் தெரியாதோ? மடையன்! தான் பாடினதே என்னெண்டு தெரியாத மடையன்!”

இவர் என்னைச் சாந்தப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு விளங்கப்படுத்தத் தொடங்கினார். இந்தச் சைக்கிள் கேள்வியால் ஏற்கெனவே இன்டர்நெட்டில் பெரிய சண்டையாம். இன்னொரு ராப் பாடகன், ‘கொங்கிறீட்டின் பேனை வாடகைப் பேனை’ என்று பாட்டே போட்டுவிட்டானாம். ராப்பில் வேறு எதையும் வாடகைக்கு எடுக்கலாமாம், கார், வீடு, நாய்கூட. பாட்டின் வரிகளை மட்டும் சொந்தமாக எழுத வேண்டுமாம். வேறு ஆள் எழுதியது என்று தெரிந்தால் அதோடு ஆளின் கதை முடிந்ததாம்.

“உங்களுக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?”

“அவள்தானப்பா சொன்னவள். பேப்பரில கையெழுத்தும் வச்சிட்டாள். தான் எழுதினதெண்டு ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதாம்.”

சொல்லி முடித்த பிறகுதான் இவருக்கு வாய் நின்றது. அடுப்பில் தோசை கருகியது. திங்கட்கிழமைகளில் இவர் ஏன் பிந்தி வருகிறார் என்பதும் எனக்கு விளங்கியது. நான் கத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“சாப்பிடுறாளோ?”

“ஓம். ஆனா மெலிஞ்சிட்டாள்.”

மே 7, புதன்
பிரஷர் 180/102

கருகிய தோசைக்கல்லைத் தேய்த்தேன்.

மே 14, புதன்
பிரஷர் 160/96

கொங்கிறீட் கடைக்கு வந்தான். தனியாக. சங்கிலி இல்லை, கூலிங் கிளாஸ் இல்லை, தலையை நன்றாகச் சீவியிருந்தான். பள்ளிக்கூடத்தில் அதிபரின் அறைக்கு அனுப்பிய பிள்ளை மாதிரி வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டான்.

இருபத்துநாலாம் திகதி சனிக்கிழமை பின்னேரம் பெரிய நேரலை நிகழ்ச்சியாம். மேடையில் பாட வேண்டும், பிறகு கேள்வி கேட்பார்கள். சைக்கிள் கேள்வியை மறுபடி கேட்கப்போகிறார்களாம், அதற்கென்றே காத்திருக்கிறார்களாம்.

“ஆரபியைக் கேட்டனான், மதாம். விளங்கப்படுத்த மாட்டன் எண்டுட்டா. ‘சுத்தினவவைப் போய்க் கேள்’ எண்டு இஞ்ச அனுப்பினவ.”

இந்தக் கடைக்குள் அவள் பெயரை ஒருவர் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல். நான் தட்டிலிருந்த வளையல்களை எண்ணினேன். இருபத்துநாலு. திரும்பவும் எண்ணினேன். அவள் இவனை அனுப்பியிருக்கிறாள். மார்ச் மாதமும் அவள்தான் அனுப்பியிருக்கிறாள். முதல் வார்த்தை அவள் பேச வேண்டும் என்று நான் இருந்தேன். அவள் ஒட்டியாணம் என்ற வார்த்தையை இந்தக் காண்டாமிருகத்தின் வாயில் வைத்து அனுப்பியிருக்கிறாள், எனக்குத்தான் விளங்கவில்லை.

லாச்சியைத் திறந்து அவன் அடையாள அட்டையைக் கொடுத்தேன். அவன் முகம் வெளிறிப்போனது.

“இதை வச்சு உம்மை வெருட்டமாட்டன், தம்பி. தோட்டம் இருக்கிற வீட்டில பிறந்தது குற்றமில்லை. எங்களுக்கும் ஊரில தோட்டம் இருந்தது. குண்டு விழுந்துதான் இந்த மாடிக்கு வந்தனாங்கள். நீர் என்னத்துக்கு எங்கட மாடிக்கு வந்து நிண்டு அழுறீர்?”

அவன் அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

“எழுதினவளின்ர பேரைச் சொன்னா என்ன?” என்று கேட்டேன்.

“சொன்னா நான் முடிஞ்சுது, மதாம். சிறைக்குப் போனனெண்டு பொய் சொன்னா மன்னிப்பினம். எழுதினனெண்டு பொய் சொன்னா மன்னிக்க மாட்டினம்.” பிறகு மெதுவாக, “நான் கெட்டவன் இல்லை” என்றான்.

“ஓம். பயந்தவர்.”

ஆனாலும் சொல்லிக்கொடுத்தேன். தடை, பற்றரி, டைனமோ, எல்லாம். கடைசியில் நானே யோசனையும் சொன்னேன். வாயால் விளங்கப்படுத்துவதை விட மேடையில் செய்து காட்டுவதுதான் நல்லது. உண்மையான சைக்கிள், உண்மையான டைனமோ. பாட்டின் இசை கசெட் பிளேயரிலிருந்து வர வேண்டும், வேறு கரண்ட் கூடாது. பெடலை அவனே சுற்ற வேண்டும். அப்போதுதான் அந்தப் பேனைக் கதை எடுபடாது.

கொங்கிறீட்டின் கண் மின்னியது. இதுவரை எந்த ராப் பாடகனும் செய்யாத வேலையாம்.

“ரெண்டு கையும் வேலையா இருக்கும். மைக்கை ஆர் பிடிக்கிறது?” என்று கேட்டேன்.

அவன் தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தான்.

“சொல்லெல்லாம் பாடமாத் தெரிஞ்ச ஆளா ஒராளைப் பக்கத்தில நிப்பாட்டும். தற்செயலா மறந்தா எடுத்துக் குடுக்கலாம்.”

அப்படி ஒரு ஆள்தான் உலகத்தில் இருக்கிறாள். அவனுக்கும் அது தெரியும்.

மே 17, சனி
பிரஷர் 147/90

கடை பூட்டிய பிறகு ஒத்திகை. இவர் தன் சைக்கிளைக் கொண்டுவந்து கவிழ்த்து வைத்தார். முப்பது வருஷத்துக்குப் பிறகு ஈயப்பற்று வைத்தார். அலுமாரி மேலிருந்த பழைய கசெட் பிளேயரைத் துடைத்து வயர் கொடுத்தார். கொங்கிறீட் அரைமணி நேரம் பெடல் சுற்றினான். வெள்ளைச் சப்பாத்தெல்லாம் கிறீஸ். பரவாயில்லை, கையில் பலம் இருக்கிறது. இசை நேராக வந்தது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பாடிப் பார்க்கவில்லை, போய்விட்டான்.

இவர் ஈயக்கம்பியைச் சுற்றி வைத்துக்கொண்டு கேட்டார்: “இஞ்சாரும், பெடலும் சுத்திக்கொண்டு உந்த வேகத்தில பாட்டும் பாடலாமோ?”

“ஏலாது.”

“அப்ப அவனுக்குச் சொல்லியிருக்கலாமே?”

“அந்தப் பாட்டிலேயே இருக்கு. அவர்தானே எழுதினவர், அவருக்குத் தெரியாதோ?”

இவர் சிரிக்கத் தொடங்கினார்.

மே 23, வெள்ளி
பிரஷர் 166/97

பாவம் செய்கிறேனோ என்று ஒரு யோசனை. பெடியன் கெட்டவன் இல்லை. ஆனால் என் பிள்ளையின் பெயரைக் கடதாசியில் மடித்து வைத்திருக்கிறார்கள். அவள் எழுதியதை நான் குப்பை என்று சொன்னேன், இவர்கள் குப்பை இல்லை என்று கண்டுபிடித்துத் தங்களுடையது என்று சொன்னார்கள். நாளைக்கு அவள் வாய் திறக்காவிட்டால் இனி எப்போதும் திறக்க முடியாது. பயமாக இருக்கிறது.

மே 24, சனி
பிரஷர் 188/106 (மத்தியானம்), 131/84 (பின்னேரம்)

பின்னேரம் மூன்று மணிக்கு நேரலை. அதே நேரத்துக்கு ஒரு மணப்பெண் மேக்கப்புக்கு வந்து உட்கார்ந்திருந்தாள், பெயர் தமயந்தி. போனைக் கண்ணாடியில் சாய்த்து வைத்துவிட்டு அவள் இடது கண்ணுக்கு மை போட்டேன்.

மேடையில் கவிழ்ந்த சைக்கிள். சனம் கத்துகிறது. கொங்கிறீட் முழங்காலில் இருந்து பெடலைச் சுற்றத் தொடங்கினான். பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கறுப்புச் சட்டையில் ஒரு பெட்டை. தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். மெலிந்துதான் இருந்தாள். என் கையிலிருந்த பிரஷ் தமயந்தியின் காதுவரை போய்விட்டது.

முதல் நாலு வரி பாடினான். ஐந்தாவதில் மூச்சு வாங்கியது. பாட்டைப் பிடிக்கப் போனால் கை தளர்ந்தது, இசை வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகியது. கையை வேகமாக்கினால் இசை வந்தது, வாயில் சொல் வரவில்லை. சனத்தில் சிலர் சிரிக்கத் தொடங்கினார்கள். அவன் ஆரபியை நிமிர்ந்து பார்த்தான். சுற்றுவதை விட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று அவனுக்கும் விளங்கியிருக்கும், தலையைக் குனிந்து இன்னும் வேகமாகச் சுற்றினான்.

அவள் மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

ஒரு வருஷமும் ஐந்து மாதமும் கழித்து அவள் குரலைக் கேட்டேன். அவள் கத்தவில்லை, ஆடவில்லை, விரலால் இலக்கம் காட்டவில்லை. சின்ன வயதில் என்னோடு சண்டை பிடிக்கும்போது எப்படி ஒவ்வொரு சொல்லாக வைப்பாளோ, அப்படி வைத்தாள். அந்தச் சைக்கிள் வரி வந்தபோது சனம் முழுதும் கூடவே சொன்னது. எனக்கு அழுகை வந்தது. தமயந்திக்கும் வந்தது, இடது கண் மை எல்லாம் போச்சு.

பாட்டு முடிந்தும் இசை ஓடிக்கொண்டிருந்தது. நிகழ்ச்சி நடத்துகிறவன் மேடைக்கு வந்து, கொங்கிறீட்டைக் கேட்க வேண்டிய கேள்வியை, பக்கத்தில் மைக்கோடு நின்றவளிடம் கேட்டான்: “ஏன் சைக்கிளைக் கவிழ்த்து வச்சவை?”

“கரண்ட் இல்லை. பற்றரிக்குத் தடை. சில்லு நிலத்தில முட்டினா சைக்கிள் ஓடிப்போயிரும், கவிழ்த்து வச்சாத்தான் நிண்ட இடத்தில சுத்தலாம். டைனமோவில இருந்து கசெட் பிளேயருக்கு வயர். தொண்ணூற்றொண்டு, யாழ்ப்பாணம்.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“சுத்தினது என்ர அம்மா.”

அவன் மெதுவாகக் கேட்டான்: “அப்ப இந்தப் பாட்டு ஆர் எழுதினது?”

ஆரபி சிரித்தாள். சட்டம் இரண்டு வருஷம் படித்தவள். “நான் ஒரு பேப்பரில கையெழுத்து வச்சிருக்கிறன். அதால அதுக்குப் பதில் சொல்லேலாது. சைக்கிளைப் பற்றி அந்தப் பேப்பரில ஒண்டும் எழுதேல்லை” என்றாள்.

மண்டபம் வெடித்தது. எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள். கமரா கீழே போய்க் கொங்கிறீட்டைக் காட்டியது. அவன் வியர்த்து வழிய இன்னும் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தான். சனம் தனக்குத்தான் கத்துகிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு சுற்றினான். சங்கிலிச் சத்தத்தில் அவனுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

“அக்கா, மற்றக் கண்?” என்றாள் தமயந்தி.

மே 25, ஞாயிறு
பிரஷர்: அளக்கவில்லை

இன்று இங்கே அன்னையர் தினம். பூக்கடைக்காரர் அம்மாக்களை நன்றாக உரித்துவிட்டார்கள்.

காலையில் பாட்டுக் கம்பனி ஓர் அறிக்கை விட்டதாம். அது ஆரம்பத்திலிருந்தே ‘இருவரின் கூட்டுப் படைப்பு’ என்றும், தக்க தருணத்தில் வெளியிட இருந்ததாகவும். தருணம்தான் முந்திவிட்டது. கொங்கிறீட் எனக்குக் குரல் செய்தி அனுப்பியிருக்கிறான். கோபம் இல்லை, முதுகுதான் நோகிறது என்றான். இனி ஒகுஸ்தான் என்ற பெயரில் பாடப் போகிறானாம், தோட்டத்தைப் பற்றி. அதை யார் எழுதப் போகிறார்கள் என்று அவன் சொல்லவில்லை. அடுத்த கிளிப்புக்கும் ஒட்டியாணம் வேண்டுமாம், இந்த முறை லட்சுமி நேராக நிற்பாவாம்.

பதினொரு மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. லிப்ட் வேலை செய்யவில்லை. ஆரபி தகப்பனின் சைக்கிளைத் தோளில் போட்டுப் பன்னிரண்டு மாடியும் ஏறி வந்திருந்தாள். பின்னால் இவர் கசெட் பிளேயரைப் பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு. அவளுக்கு மூச்சு வாங்கியது, வாயைத் திறந்தாள், ஒரு சொல்லும் வரவில்லை.

முதல் வார்த்தை அவள்தான் பேச வேண்டும் என்று மார்ச் மாதம் எழுதியிருக்கிறேன். எழுதினதை ஏன் டொக்டர் படிக்கப் போகிறார்.

“சாப்பிட்டியோ?” என்றேன்.

இல்லை என்று தலையை ஆட்டினாள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டேன். மூன்றாம் தரம் போடும்போது, “அண்டைக்கு நான் சொன்னது பிழை. கேக்கினம். நானும் கேட்டனான்” என்றேன். குழம்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

“தெரியும், அம்மா. பதினொரு தரமாம், அப்பா சொன்னவர்.”

இந்த வீட்டில் ஒரு இரகசியம் நிற்காது, டொக்டரின் கொப்பிக்குள்ளேகூட.

சாப்பிட்டு முடிந்ததும் அவள் சைக்கிளை ஹோலின் நடுவில் கவிழ்த்து வைத்தாள். இவர் அலுமாரிக்குள் கையை விட்டு ஒரு கசெட்டை எடுத்தார். அண்ணனின் கையெழுத்து, மை வெளிறிப்போயிருந்தது. தொண்ணூற்றொன்றில் நான் சுற்றச் சுற்ற அயலட்டை கேட்ட பாட்டு. நான் பழக்கதோஷத்தில் பெடல் பக்கம் போனேன்.

“நீங்கள் அங்கால இருங்கோ, அம்மா. நான் சுத்துறன்.”

கதிரையை அறைக் கதவடிக்குத் தள்ளிப் போட்டாள், சங்கிலிச் சத்தம் எட்டாத தூரத்துக்கு. நான் உட்கார்ந்தேன். அவள் சுற்றினாள்.

பாட்டின் நடுவில் ஒரு புல்லாங்குழல் வருகிறது. எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது.